இரண்டாம் தொடுதல்

(மருத்துவமனை நன்றி ஆராதனையில் எங்கள் போதகர் அளித்த செய்தி)



கண்புரை அறுவை முடிந்து ஆறு வாரம் கழித்து வந்த தாயார் ஒருவர் எங்களைக் கண்டதும் அழுதுவிட்டார். "ஐயரே, தூரத்துக் கோயில் கோபுரம் தெரியுது; மடியில இருக்கிற வேதம் தெரியலையே. ஆபரேஷன் தப்பாப் போச்சா?" என்றார். டாக்டரம்மா அவருக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

நம் கண்ணின் இயற்கை லென்ஸ் வாலிபத்தில் மிருதுவானது. அருகில் பார்க்கும்போது உள்ளிருக்கும் தசை சுருங்கும். லென்ஸைத் தாங்கும் நுண்ணிய இழைகள் தளரும். லென்ஸ் திரண்டு தடிக்கும். நாற்பதைத் தாண்டினால் அது இறுகுவதால் வெள்ளெழுத்து வருகிறது. பின்பு அதே லென்ஸ் மங்கிப்போவதே கண்புரை. மருத்துவர் அதை அகற்றி, அதன் மெல்லிய பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்.

1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி இதை முதலில் செய்தபோது மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். 1992-ல் மதுரையில் ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பின் ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

ஆனால் சாதாரண செயற்கை லென்ஸ் உருமாறாது. தூரப் பார்வைக்குக் கணக்கிட்டு வைத்தால், வாசிக்கக் கண்ணாடி வேண்டும். ஒளியைப் பல தூரங்களுக்குப் பங்கிடும் லென்ஸ்கள் உண்டு. விலை அதிகம், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தோன்றலாம். கண்ணுக்குள் அசைந்துகொடுக்கும் ஒரு லென்ஸுக்கு 2003-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் வாலிபக் கண்ணின் திறனை முழுவதும் திருப்பித் தரவில்லை.

ஆகவே அந்தத் தாயாரின் அறுவை தவறவில்லை. தவறியவர்கள் நாங்கள். இதை முன்னமே அவருக்குச் சொல்லவில்லை. ஆறு வாரமாகத் தம் கண் கெட்டுப்போனதென்றே எண்ணி, யாரிடமும் சொல்லாமல் ஜெபித்திருக்கிறார்.

பெத்சாயிதாவில் நம் ஆண்டவர் ஒரு குருடனை இருமுறை தொட்டார். முதல் தொடுதலில் பார்வை வந்தது, தெளிவு வரவில்லை. மங்கலாகத் தெரிந்ததை அவன் மறைக்கவில்லை. ஆண்டவரும் அவனைப் பாதியில் விட்டுவிடவில்லை. நாங்களோ முதல் தொடுதலோடு அனுப்பிவிட்டோம்.

அன்றே ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தோம். சங்கீதத்தைத் திறந்து, விரல்வைத்து ஒரு வரி வாசித்தார். பின் நிறுத்தாமல் அதிகாரம் முழுவதும் வாசித்தார்.

இப்பொழுது அறுவைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுகிறோம். அறுவைக்காகக் காணிக்கை தரும் நீங்கள் அந்தச் சிறு கண்ணாடியையும் நினைவில் கொள்ளுங்கள். செலவு சிறியது, ஆனால் அதுவே இரண்டாம் தொடுதல்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.