முறிந்த கொப்பும் மொட்டை மரமும்



சித்திரை, வைகாசியில் விருதுநகர்ப் பக்கம் கோடை மழை எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் மேகம் திரண்டதும் புழுதியை வாரிக்கொண்டு சூறைக்காற்று கிளம்பும். மழை பெய்வதென்னவோ கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஏதாவது ஒரு வீட்டு வேப்பமரத்தில் பெரிய கொப்பு முறிந்து, ஓட்டின் மேலோ மொட்டைமாடிச் சுவரிலோ சாய்ந்து கிடக்கும்.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? ஆளைக் கூப்பிட்டு, “எதுக்கு வம்பு, மொத்தமா மொட்டையடிச்சு விட்ருங்க” என்கிறார். வெட்ட வருகிறவருக்கும் அதில் சம்மதமே. பல இடங்களில் கூலியில் ஒரு பங்கு விறகாகத்தான் போகிறது. கூட வெட்டினால் கூட விறகு. அவரைக் குறை சொல்லவில்லை. எந்தக் கொப்பை எடுப்பது என்ற முடிவை விறகுக்கு உரியவரிடம் விடக்கூடாது, அவ்வளவுதான். கூலியைப் பணமாகப் பேசிவிடுங்கள்.

மரத்துக்குச் சாப்பாடு தயாராவது இலையில். இலை மொத்தமும் போனால், இருக்கிற சேமிப்பைச் செலவழித்து, வெட்டுவாய் நெடுகக் கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். “எப்படித் தழைஞ்சிருச்சு பாருங்க” என்று நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் அந்தத் துளிர்களுக்கு ஆழமான பிடிப்பு கிடையாது. மேல்மட்டத்தில் ஒட்டி நிற்பவை. சில வருடங்களில் அவை தொடை கனத்துக்குப் பெருக்கும்போது, அடியில் பழைய வெட்டுவாய் உளுத்துப் போயிருக்கும். அப்புறம் வரும் காற்றுக்கு முதலில் முறிவது அவைதான்.

மரத்தின் காயம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குக் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பேராலமரம் சாட்சி. 1864-இலும் 1867-இலும் வந்த புயல்களில் அதன் கிளைகள் முறிந்தன. முறிந்த இடங்கள் வழியே பூஞ்சணம் இறங்கி, நடு அடிமரம் உளுத்து, கடைசியில் 1925-இல் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. விழுதுகள் தாங்கியதால் மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது.   நம் வேம்புக்கும் புளிக்கும் தாங்கிப் பிடிக்க விழுது கிடையாது.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து 1977-இல் ஒரு விளக்கம் சொன்னார். நம் தோலைப் போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. கொப்பு புறப்படும் இடத்தில் மோதிரம் போட்டாற்போல் ஒரு புடைப்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவரை எழுப்பும் வேலையில் பெரும்பங்கு அந்த இடத்துக்குத்தான். “சுத்தமா இருக்கட்டும்” என்று அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் புடைப்பும் போய்விடுகிறது. முழங்கை நீளத்துக்குக் கட்டை விட்டாலும் தப்பு. கட்டை காய்ந்து, உளுப்பு உள்ளே இறங்கும். புடைப்பை விட்டு, அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் தார், பெயிண்ட் பூசுவதால் உளுப்பு நிற்பதில்லை என்றும் ஷைகோ காட்டினார். ஆகவே அந்தச் செலவு மிச்சம்.

கனமான கொப்பை ஒரே அறுப்பில் இறக்கப் பார்த்தால், பாதி அறுபடும்போதே பாரம் தாங்காமல் சாய்ந்து, அடிமரத்துப் பட்டையையும் நெடுக உரித்துக்கொண்டு விழும். அதனால் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கீழ்ப்புறமிருந்து கொஞ்சம் அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பை இறக்குங்கள். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாகப் புடைப்போரம் எடுங்கள். வீட்டின் மேல் நீண்டிருக்கும் கொப்பென்றால், வடக்கயிறு கட்டித் துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு மெஷின் ரம்பத்தைப் பிடிப்பது யாருக்கும் வேண்டாம். முறிந்ததை எடுத்த பிறகு, நல்ல கொப்புகளில் கை வைக்காதீர்கள். இந்த வெயிலூரில் ஒரு வேம்பு எழும்ப எத்தனை வருடம் ஆகும்!

மரமே நிற்குமா என்ற சந்தேகம் வந்தால் தூரைப் பாருங்கள். கரிசல் மண் கோடையில் வெடிப்பது வழக்கம்; வெடிப்பைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் மரம் புதிதாகச் சாய்ந்து, எதிர்ப்புறம் மண் தூக்கிக்கொண்டிருந்தால் வேர் விட்டுவிட்டது என்று பொருள். நடுக்கவை பிளந்திருந்தாலும் ஆபத்துதான். பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. அது இறக்க வேண்டிய மரம். உள்ளே பொந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மரத்தைத் தள்ளிவிடாதீர்கள். சுற்றிலும் கெட்டியான கட்டை இருந்தால் நிற்கும்.

கொப்பு மின்கம்பியில் கிடந்தால் தொரட்டியை எடுக்காமல் போனை எடுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. ‘கரண்ட்தான் இல்லையே’ என்று தொட்டுவிடக் கூடாது. அச்சகமும் ஆலையும் நிறைந்த ஊர்களில் எவராவது ஜெனரேட்டரை முறையில்லாமல் இணைத்திருந்தால், செத்த கம்பியிலும் மின்சாரம் திரும்பி வரலாம். மரம் சாலையோரத்தில், புறம்போக்கில் நிற்கிறது என்றால் நாமாக வெட்ட உரிமை இல்லை. உள்ளாட்சியிடமோ வருவாய்த்துறையிடமோ சொல்ல வேண்டும்.

வெட்டிய தழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில்தான் தீபாவளியும் வருகிறது. அதற்கு முந்தைய காற்றில் முறிந்ததைச் சுவரோரம் குவித்துக் காயவிட்டால், ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் போதும். பட்டாசு ஆலையை ஒட்டிய வீடு, நிலம் என்றால் பேச்சே இல்லை. ஆலைக்குள் மருந்து அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லும் சருகும் கிடக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. வேலியின் இந்தப் பக்கம் நாம் சருகைக் குவித்து வைப்பதில் அர்த்தமில்லை. வெட்டிய வாரத்திலேயே அப்புறப்படுத்துங்கள். வேப்பந்தழை தோட்டத்துக்கு நல்ல உரம், ஆடும் தின்னும்.

கொப்பு போன மரத்துக்கு அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். தூரில் ஊற்றாமல், கொப்புகள் பரவியிருக்கும் விளிம்புக்கு நேர் கீழே. வெட்டுவாய்க்குப் பக்கத்தில் துளிர்கள் நெருக்கியடித்து வந்தால் வலுவானதாக ஒன்றிரண்டை விட்டு, மற்றதைப் பிஞ்சிலேயே கையால் ஒடித்துவிடலாம். ஆடிக்காற்றுக்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, பாதி முறிந்து கவையில் மாட்டிக்கொண்டிருக்கும் கொப்பு ஏதாவது இருந்தால் இறக்கச் சொல்லுங்கள்.