ஆயுதமில்லாத் தூதுவர்கள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போரை நிறுத்துவது மந்திரிகளின் வேலை, சமயப் பெரியார்கள் வழிபாட்டோடு நிற்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். மொசாம்பிக் நாட்டின் வரலாற்றைப் படித்த பின்னர் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

ஆப்பிரிக்காவின் கீழைக் கரையிலுள்ள அந்நாடு 1975 இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து விடுதலை பெற்றது. விரைவிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒருபுறம் பிரெலிமோ அரசு. மறுபுறம் ரெனாமோ கலகப்படை. ரொடீசியாவும், பின்னர்த் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியும் கலகக்காரர்க்குக் கைகொடுத்தன. போரிலும் பஞ்சத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். கொள்ளைக்காரரோடு பேச்சில்லை என்பது அரசின் உறுதி.

அந்நிலையில், பெய்ரா நகரத்துப் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ் 1988 இல் காட்டினுள் சென்று, ரெனாமோ தலைவர் த்லகாமாவைக் கண்டார். இருவரும் என்டாவு மொழியினர். எதிரியின் பாசறையில் தாய்மொழி கேட்டால் உள்ளம் எவ்வாறு இளகும் என்பதை, அயலூரில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை! மறு ஆண்டு கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் பிற புராட்டஸ்டண்டுகளும் ஒரே குழுவாய் நைரோபி சென்று ரெனாமோவினரோடு பேசினர். தம்முள் கொள்கை வேற்றுமை உடைய சபைகள் அவை என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் ரோமாபுரி வழிகாட்டியது. 1968 இல் ஆந்திரேயா ரிக்கார்டி என்னும் மாணவர் தொடங்கிய சாந்த் எஜிதியோ சமூகம், ஏழைகட்குத் தொண்டு செய்து வந்தது. பழைய கன்னிமாடம் ஒன்றே அதன் இருப்பிடம். 1990 ஜூலையில் பகைவர் இருவரும் அங்கே எதிரெதிரே அமர்ந்தனர். ரிக்கார்டி, மத்தேயோ சுப்பி என்னும் பாதிரியார், பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் ரஃபாயெல்லி ஆகிய நால்வரும் நடுவராயினர். அச்சமூகத்திடம் படையில்லை, எவரையும் மிரட்டும் ஆற்றலும் இல்லை. அதுவே அவர்களுடைய பலமாயிற்று என்பது நம் கருத்து. இருபத்தேழு மாதங்கள் பேச்சு இழுபட்டது. 1992 அக்டோபர் 4 ஆம் நாள் சிஸ்ஸானோவும் த்லகாமாவும் கையொப்பமிட்டனர்.

வழிபாட்டினால் மட்டும் இது கைகூடிற்று என்று சொன்னால் மிகையாகும். பனிப்போர் முடிந்திருந்தது, கொடிய வறட்சி இரு படைகளையும் வாட்டிற்று, இத்தாலி பொருளுதவி செய்தது. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை வந்தது. அதில் இந்திய வீரரும் பணியாற்றினர். 1994 இல் தேர்தல் நடந்தது. எனினும் 2013 இல் மீண்டும் வெடியோசை எழுந்தது. 2019 ஆகஸ்டில் புதியதோர் உடன்படிக்கை வேண்டியதாயிற்று.

ஒரு செய்தி நம் மனத்தை விட்டகலவில்லை. 1995 முதல் ஆங்கிலிக்க ஆயர் தினிஸ் செங்குலானேயின் முயற்சியால், துப்பாக்கி கொணர்ந்தோர்க்கு மண்வெட்டியும் தையல் இயந்திரமும் சைக்கிளும் மாற்றாகக் கிடைத்தன. துண்டாடப்பட்ட துப்பாக்கிகளைக் கொண்டு 2001 இல் கெஸ்டர் என்னும் கலைஞர் ஒரு நாற்காலி செய்தார். அது இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதிலுள்ள துப்பாக்கிகளுள் ஒன்றேனும் மொசாம்பிக்கில் செய்யப்பட்டதன்று.