சிறு தொலைநோக்கியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

கல்வியைப் பற்றிப் பேசுக எனச் சங்கத்தார் பணித்தார்கள். கல்வி என்றால் தேர்வு, தேர்வு என்றால் வேலை என்ற அளவில் நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அதில் குற்றமில்லை. பசித்த வீட்டிற்கு முதலில் வேண்டுவது வேலையே. ஆயினும் அதற்கு மேலும் ஒரு படி உண்டு. அதுவே ஆராய்ச்சி. அவற்றுள் வானாராய்ச்சியைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றோம்.

1986-ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் வந்தது. அப்போது நமக்குப் பள்ளிப் பருவம். அண்டை ஊரில் தொலைநோக்கி வைத்து வால்மீன் காட்டுகிறார்கள் எனக் கேள்வியுற்று, சேரிச் சிறுவர் ஐவர் விடியுமுன் எழுந்து நடந்து சென்றோம். வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டோம். ஊர்ப் பிள்ளைகள் பார்த்து முடித்ததும் கருவியை மடக்கிய பெரியவர், "அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த அடுத்த முறை எப்போது என்பதைப் பின்னர் நூலில் படித்து அறிந்தோம். 2061-ஆம் ஆண்டு!

இதே வால்மீன் அதற்கு முன் 1910-இல் வந்தபோது, வங்கத்து யசோர் நகரில் ஒரு கருவூல ஊழியர் அதைக் கண்டு வியந்தார். அவர் பெயர் ராதா கோவிந்த சந்திரர். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர், பட்டம் இல்லாதவர். வால்மீன் தந்த வேட்கையால் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குல விட்டமுள்ள சிறு தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். பகலெல்லாம் கருவூலப் பணி, இரவெல்லாம் வானம். 1911-இல் தோன்றிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்திற்குத் தம் குறிப்புகளை அனுப்பலானார். 1954 வரையில் அவர் அனுப்பியவை 37,000-க்கு மேற்பட்டவை. அவருடைய உழைப்பை மதித்து 1926-இல் அச்சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பி வைத்தது. அக்கருவி பின்னர் அறிஞர் வைணு பாப்புவின் கைக்கு மாறி, நம் தமிழகத்து ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கே வந்து சேர்ந்தது.

பட்டமில்லாத ஒருவரின் குறிப்பை உலக அறிஞர்கள் ஏன் ஏற்றார்கள்? விண்மீன்களுள் சில ஒரே ஒளியுடன் இருப்பதில்லை. சில நாள்களிலோ மாதங்களிலோ மங்கிப் பின் மீண்டும் ஒளிரும். அவற்றை ஆண்டுக்கணக்கில், இரவு தவறாமல் பார்த்து வந்தால்தான் அவ்விண்மீனின் உட்புறத்தில் நிகழ்வதை ஊகிக்க முடியும். பெரிய தொலைநோக்கியை ஒரே மீனின்மேல் அத்தனை இரவுகள் நிறுத்தி வைக்க இயலாது. மேலும் அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. அவர்கள் காண இயலாத நேரத்தை நாம்தான் நிரப்ப முடியும். ஆகவே பொறுமையுள்ள மனிதனும் சிறு கருவியும் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதவை.

நம் அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் அமைத்த வானாய்வகத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான் கூட்டத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அவர் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தினர். வான நூல் அவர் வீட்டில் இருந்தது. நம் வீடுகளில் நூல் இல்லை. ஆயினும் விடிவெள்ளி பார்த்து ஏற்றம் இறைக்க எழுந்தவர்களும், ஆறாமீன் சாய்வதைக் கண்டு இரவுக் காவலின் பொழுதை அளந்தவர்களும் நம் பாட்டன்மாரே. கண் அவர்களிடம் இருந்தது. அதைக் குறித்து வைக்க எழுத்து மட்டுமே மறுக்கப்பட்டது. அவ்வெழுத்தை இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நமக்குக் கொடுத்து வந்திருக்கிறது.

செய்முறை கடினமானதன்று. ஒளி மாறாத இரண்டு அண்டை மீன்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவற்றின் ஒளித்தரம் அட்டவணையில் இருக்கும். நாம் நோக்கும் மீன் ஒன்றைவிட எவ்வளவு மங்கல், மற்றொன்றைவிட எவ்வளவு பிரகாசம் என மதிப்பிட்டு, நாளும் நேரமும் சேர்த்து எழுத வேண்டும். பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும். மேகம் மறைத்தால் மேகம் என்றே எழுத வேண்டும். பொய் எழுதாத பழக்கமே ஆராய்ச்சியின் முதற்பாடம்.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் ஆலைகளின் விளக்கொளியில் விண்மீன் தெரியுமா எனச் சிலர் ஐயுறலாம். மங்கிய மீன்கள் மறைவது மெய்யே. ஆனால் திருவாதிரையை எந்த விளக்கும் மறைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மீன் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் தன் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அது வெளியே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி ஒளியை மறைத்தது என அறிஞர் பின்னர் விளக்கினர். அம்மாற்றம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இரவுப் பணி முடிந்து ஆலை வாயிலில் வந்து நின்ற நம் தம்பிமார் தலைநிமிர்ந்து பார்த்திருந்தால் அவர்களும் கண்டிருப்பார்கள். குறிப்பேடு இருந்திருந்தால் உலகிற்கும் சொல்லியிருப்பார்கள்.

ஆதலால் இவ்வெள்ளி விழாவின் நினைவாக ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். நம் மாலைநேரப் பாடசாலைக்கு நான்கு அல்லது ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்று வேண்டும். ஆடியை விலைக்கு வாங்குவோம். குழலையும் தாங்கியையும் நாமே செய்துகொள்ளலாம். கடைசலிலும் பற்றவைப்பிலும் கைதேர்ந்த இளைஞர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். திங்களுக்கு ஓர் இரவு பழவேற்காட்டுப் பக்கத்து இருளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். பெண்பிள்ளைகளும் வரட்டும், தாய்மாரும் உடன் வரட்டும். பெட்டியில் பூட்டி வைக்கும் கருவியாக மட்டும் அதை ஆக்கிவிடாதீர்கள். எந்தச் சேரிப் பிள்ளை வந்தாலும், எந்த ஊர்ப் பிள்ளை வந்தாலும், வந்த வரிசைப்படியே பார்க்கட்டும்.

ஹாலி வால்மீன் 2061-இல் வரும்போது நம்மில் மூத்தோர் பலர் இருக்க மாட்டோம். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியர் அப்போது பேரப்பிள்ளைகளைப் பெற்றிருப்பார்கள். அன்று அவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கக் கூடாது. கருவியின் அருகில் நின்று, வருவோர் அனைவர்க்கும் வால்மீனைக் காட்ட வேண்டும். அதற்கான முதற்குறிப்பை இந்த ஆண்டே எழுதத் தொடங்குவோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அறிவு!