அபராதம் தீர்த்தல்

(யூபிலி ஆயத்த நாட்களில், மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு மக்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



யூபிலி விழாவுக்கு ஆயத்தமாக ஒவ்வொரு மாலையும் ஒரு பொருளைப் பற்றிச் சிந்தித்து வருகிறோம். இன்றைக்குக் கொடுக்கப்பட்ட பொருள் ‘அயலாரும் நாமும்’. இதைப் பெரிய வார்த்தைகளால் பேசிவிட்டுப் போவது எளிது. அதனால் ஒரே ஒரு சிறு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெருவில் நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் காரை நம் வண்டி தெரியாமல் இடித்துவிட்டது. பார்த்தவர் ஒருவருமில்லை. அடுத்து என்ன செய்வது?

இதெல்லாம் கோவிலில் பேசுகிற பொருளா என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் இராமானுசர் பிறந்த ஊர் என்பார்கள். ஏரியும் நெல்வயலும் நினைவுக்கு வரும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. 2012-இல் டைம்லர் லாரி ஆலை வந்தது. புத்தம் புதுக் கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு நீண்ட ட்ரெய்லர் லாரிகள் போவதைச் சாலையில் பார்க்கிறோம். உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிற வட்டாரத்தில், காரை நிறுத்த மட்டும் இடமில்லை! மாட்டுவண்டி போய்வர விட்ட தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. விடியற்காலை ஷிப்டுக்கு அவசரமாக ரிவர்ஸ் எடுக்கிறோம். இடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

இடித்தது பாவமல்ல, அன்பர்களே. முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அறிந்து, மனம் பொருந்திச் செய்வதுதான் பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். டம்மென்று சத்தம் கேட்ட அந்த நொடி வரையில் பாவம் எதுவுமில்லை. வண்டியை நிறுத்தி, இறங்காமலே, தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறோமே, அங்கேதான் சோதனை தொடங்குகிறது. பிறகு மேலேயும் பார்க்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் மேலே பார்த்தால் ஆண்டவர் பார்க்கிறார் என்று பயம் வரும். இப்போது கேமரா இருக்கிறதா என்று பார்க்கிறோம்!

இந்தக் காரியத்துக்கு நம் தமிழ் மரபிலேயே ஒரு பழைய சான்று உண்டு. கன்றின் மேல் தேரேற்றிய மகனைத் தேர்க்காலிலிட்ட மனுநீதிச் சோழன் கதை எல்லாருக்கும் தெரியும். திருவாரூரில் கல்தேர் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. ஆனால் நாம் சொல்ல வந்தது அவனையல்ல. ஏறக்குறைய இதே கன்றுக் கதையை இலங்கையின் மகாவம்சம் வேறொரு தமிழ் மன்னன் மேல் ஏற்றிச் சொல்கிறது. சோழ நாட்டிலிருந்து சென்று, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அனுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் அவன். படுக்கையின் தலைமாட்டில் மணி கட்டி, நீதி கேட்டு வருகிறவர்கள் இழுப்பதற்கு நீண்ட கயிறு விட்டிருந்தானாம்.

அவனைப் பற்றி அந்நூல் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சிதான் நமக்கு வேண்டியது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருநாள் எல்லாளன் பிக்குகளை அழைப்பதற்காகத் தேரில் போகிறான். தேரின் நுகத்தடி முனை, வழியிலிருந்த ஒரு பௌத்தத் தூபியில் பட்டுவிடுகிறது. நின்றிருந்த ஒன்றின் மேல் ஓடிய வண்டி இடித்தது. நம் தெருவில் நடப்பது போலவேதான். உங்களால் தூபி சேதமாகிவிட்டது என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். மன்னன் பௌத்தனல்லன். தூபி அவன் வணங்கும் தெய்வத்தினுடையதுமல்ல. வேண்டுமென்று செய்ததுமில்லை. நகர்ந்து போயிருந்தால் கேட்பாரில்லை. அவனோ தேரைவிட்டு இறங்கித் தரையில் விழுந்து, இந்தச் சக்கரத்தாலேயே என் தலையையும் அறுத்துவிடுங்கள் என்கிறான்.

அதற்கு வந்த பதிலை நன்றாகக் கவனிக்க வேண்டும். எங்கள் போதகர் பிறருக்குத் தீங்கு செய்வதை ஏற்கமாட்டார். தூபியைச் சரிசெய்து மன்னிப்புப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பெயர்ந்து விழுந்தவை 15 கற்கள். அவற்றைத் திரும்ப வைக்க மன்னன் 15,000 காசு செலவிட்டான். கல் ஒன்றுக்கு ஆயிரம்! டிங்கரிங் கடைக்காரர் யாராவது இங்கே இருந்தால் பெருமூச்சு விடுவார். இதை எழுதி வைத்தவர் எல்லாளனின் இனத்தாருமல்லர், சமயத்தாருமல்லர். அவனை எதிர்த்துப் போரிட்டு வென்ற துட்டகைமுனுவைத் தலைவனாக வைத்துப் பாடிய நூலில், சுமார் 600 ஆண்டுகளுக்குப் பிறகும் இது நிலைத்திருக்கிறது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று இடித்தவனுக்கு, ஒன்று இடிபட்டவனுக்கு. முதலில் இடித்தவனைப் பார்ப்போம்.

விடுதலைப் பயண நூலின் 21, 22ஆம் அதிகாரங்களை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஒருவன் குழி தோண்டி மூடாமல் விட்டான், அடுத்தவன் மாடு அதில் விழுந்தது; ஒருவன் மாடு அவிழ்ந்துபோய் அடுத்தவன் வயலை மேய்ந்தது; ஒருவன் மூட்டிய நெருப்பு பரவி அடுத்தவன் கதிர்க்கட்டு எரிந்தது. எல்லாம் வேண்டுமென்று செய்யாத காரியங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு: ஈடு செய். எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அயலானுக்குத் தவறு இழைத்தவன் அதை வாயால் அறிக்கையிட வேண்டும், முழு ஈடும் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். பம்பருக்கு ஐயாயிரம் ஆனது என்றால் ஆறாயிரம் கொடு என்று பொருள். அந்த ஆயிரம் எதற்கு? இரண்டு நாள் வண்டி கடையில் நிற்கும். அவர் ஆட்டோவில் போக வேண்டும். ஒரு ஷிப்டு போகலாம். டிங்கரிங் கடை ரசீதில் வராத செலவு அது. மோசே காலத்திலேயே அதைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். இயேசு பெருமான் அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்றதோடு சரி. அவனாகவே எழுந்து நின்று நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொல்கிறான்.

மலைப்பொழிவில் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்கிறாரே ஆண்டவர், அந்த இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. உனக்கு உன் சகோதரன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். போக வேண்டியவன் தவறு செய்தவன். நம் காரியத்திலோ, பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்மேல் மனத்தாங்கல் இல்லை. ஏனென்றால் யார் இடித்தது என்று அவருக்குத் தெரியாது! காலையில் நம்மைப் பார்த்து வழக்கம்போல் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அது எவ்வளவு கனம் என்று தெரியும்.

பழைய ஞானோபதேசத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், கடைசியில் அபராதம் தீர்த்தல். இப்போது அபராதம் என்றால் ஹெல்மெட் போடாததற்குப் போலீஸ் போடுவது என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, பாவத்தால் வந்த சேதம் அப்படியே நிற்கிறது, அதை இயன்றவரை சரிசெய்ய வேண்டியது நம் கடமை. சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது என்பதால் பக்கத்து வீட்டுக் கதவின் பள்ளம் தானாக நிமிராது.

நாம் சொல்லிக்கொள்ளும் சாக்குகளையும் பார்ப்போம். “அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, என்ன நட்டம்?” நட்டம் உண்டு. கிளைம் வாங்காமல் ஓட்டுகிறவருக்கு அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் முதலாண்டு 20 விழுக்காடு, அப்படியே ஏறி ஐந்தாண்டுக்குப் பின் 50 விழுக்காடு. நாம் செய்த கீறலுக்கு அவர் தம் பாலிசியில் கிளைம் போட்டால், ஐந்தாண்டு சேர்த்த தள்ளுபடி அவருக்குப் போய்விடும். இதற்குமேல் ஒரு தொகையைக் கையிலிருந்தும் போட வேண்டும்.

“அவர் ரோட்டில் நிறுத்தியதுதான் தப்பு.” இருக்கலாம். அதைத் தனியாகச் சொல்லுங்கள், நம் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

“சின்ன விஷயம், சட்டம் ஒன்றுமில்லை.” சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, ஆளுக்குக் காயம் பட்டால் மட்டுமல்ல, பிறர் சொத்துக்குச் சேதம் வந்தாலும் ஓட்டுநருக்குக் கடமை வைத்திருக்கிறது. போலீஸ் அலுவலர் அங்கே இல்லாவிட்டால், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஜெர்மனியில் கண்ணாடியில் சீட்டு செருகிவிட்டுப் போனால்கூடப் போதாது. உரியவர் வரும்வரை நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது தப்பியோடிய குற்றம்.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஒன்று உண்டு. நாம் வாய் திறக்காவிட்டால் பழி காற்றில் போவதில்லை, யார்மேலாவது போய் விழுகிறது. யார்மேல் விழும்? தண்ணீர் கேன் போடும் பையன்மேல். பார்சல் கொண்டுவரும் பையன்மேல். மாடி அறையில் எட்டுப் பேராகத் தங்கி ஆலை வேலைக்குப் போகும் ஒடிசா, பீகார் இளைஞர்கள்மேல். “இவனுங்க வந்தப்புறந்தான் தெருவே கெட்டுப்போச்சு” என்று ஒருவர் ஆரம்பிப்பார். வீட்டுக்காரரிடம் புகார் போகும். மறுமாதம் அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளை தான் செய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வான்? இரண்டாயிரம் ரூபாய்க் கீறலை மறைக்கப்போய் ஒருவனுடைய கூரையை எடுத்துவிடுகிறோம். ஏழாம் கட்டளையை மீறியதாகத் தொடங்கியது எட்டாம் கட்டளையையும் தொட்டுவிடுகிறது.

இனி இடிபட்டவருக்கு. எல்லாளனுக்குக் கிடைத்த பதிலை மறக்காதீர்கள். தலை வேண்டாம், கல்லை வையுங்கள் என்றார்கள். உண்மையைச் சொல்ல வந்தவனை நாம் என்ன செய்கிறோம்? “அண்ணே, வண்டியைப் பின்னால எடுக்கும்போது உங்க கதவுல தட்டிட்டேன், வந்து பாருங்க” என்று ஒருவன் வந்து நின்றால், அவன் குடும்பத்தையே இழுத்து ஏசுகிறோம். பழைய கீறல் நாலையும் சேர்த்து அவன் கணக்கில் எழுதுகிறோம். அதுவும் திருட்டுத்தான். ஆக்டிங் டிரைவர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் கீறலுக்கே சம்பளத்தில் பிடித்தால், இரண்டாம் கீறலை அவர் எப்படிச் சொல்வார்?

இது சிறிய காரியத்தோடு நிற்பதுமில்லை. 2024 ஜனவரித் தொடக்கத்தில் வடமாநிலங்கள் பலவற்றில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். உயிர்ச்சேதம் விளைவித்துவிட்டு, தெரிவிக்காமல் ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் எழுதியிருந்தார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்தாண்டா என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். அவ்வாண்டு ஜூலை 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஓடியதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நின்று ஒப்புக்கொள்கிறவனை அடிக்கும் ஊரில் நிற்பதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பதை, ஒரகடம் சாலையில் வாழும் நாம் யோசிக்க வேண்டாமா?

லேவியர் நூல் 25ஆம் அதிகாரப்படி யூபிலி ஆண்டின் எக்காளம் ஆண்டுப் பிறப்பன்று ஊதப்படவில்லை. பாவக் கழுவாய் நாளில் ஊதினார்கள். கணக்குத் தீர்த்த பிறகுதான் கொண்டாட்டம் என்று வைத்திருந்தார்கள் போலும்.

முடிக்கும் முன், பங்குப் பேரவையில் பேசி முடிவானதைத் தெரிவிக்கிறோம். யூபிலி திருநாளன்று தேர் பவனிக்கு வெளியூரிலிருந்தும் நிறைய வண்டிகள் வரும். கோவில் மைதானம் நிறைந்து தெருவிலும் நிற்கும். உரசலும் தட்டலும் வரத்தான் செய்யும். கெபிக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் நோட்டும் பேனாவும் இருக்கும். இளைஞரணியினர் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய வண்டி என்று தெரியாவிட்டால் வண்டி எண்ணையும், உங்கள் பெயர், கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஒலிபெருக்கியில் வண்டி எண்ணை மட்டும் அறிவிப்போம். இடித்தவர் பெயரை அறிவிக்கமாட்டோம். இருவரும் கெபி அருகில் சந்தித்துப் பேசிக்கொள்ளலாம். இதே நோட்டு திருநாளுக்குப் பிறகும் உபதேசியார் அறையில் இருக்கும். பழைய கணக்கு எதுவும் இருந்தால் அதையும் எழுதலாம்.