சிகிரியாப் பெண்களின் நிறம்



வில்கமுவவில் வைத்தியத் தொழில் செய்யும் எங்களுக்குச் சிகிரியா அந்நியமான இடமல்ல. அதுவும் மாத்தளை மாவட்டம்தான். 5ஆம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் காலத்தில், அந்தக் குன்றின் மேற்குப் பக்கக் குடைவில் தீட்டப்பட்ட பெண்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று சில நிறங்களே அங்கு உண்டு. ஐரோப்பிய உருவப்படங்கள் பலவற்றில் ஒளி ஒரு பக்கமிருந்து விழும், மறுபக்கம் இருளும். இங்கே அந்த நிழல் இல்லை. கன்னத்தின் ஓரத்தில் நிறத்தை அழுத்தி, நடுவில் இளக்கி, முகத்துக்குத் திரட்சி கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒளி அந்தப் பெண்ணுக்குள்ளிருந்தே வருவதுபோல இருக்கிறது. தாழ்ந்த இமை, கையில் பூ, இடைக்குக் கீழே முகில். அது மகிழ்ச்சியா ஏக்கமா என்று ஒரு சொல்லில் சொல்ல முடியாது.

அவர்களில் சிலர் பொன்னிறம், சிலர் கருநிறம். அரசகுலப் பெண்களும் பணிப்பெண்களும் பிதுரங்கல விகாரைக்குப் போகிறார்கள் என்றார் தொல்லியலாளர் பெல். பொன்னிறத்தவர் மின்னல், கருநிறத்தவர் முகில் என்றார் பேராசிரியர் பரணவிதான. யாராக இருந்தாலும், கண்ணிலும் விரலிலும் ஓவியர் காட்டிய கவனம் இருவருக்கும் ஒன்றுதான்.

எங்களிடம் வரும் இளம் பெண்கள் பலருக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. கலியாணப் பேச்சுத் தொடங்கியதும் வெள்ளையாக்கும் கிறீம் பூசத் தொடங்குகிறார்கள். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, முகம் சிவந்து எரியும்.

1967இல் விஷமிகள் சிலர் சிகிரியா ஓவியங்கள்மேல் பச்சைப் பெயின்ற் பூசினார்கள். நாடே பதறியது. இத்தாலியிலிருந்து லூசியானோ மரான்சி என்ற நிபுணர் வந்து சீர்செய்தார். நம் வீட்டுப் பிள்ளை தன் முகத்தில் நஞ்சு பூசும்போதும் நாம் அப்படிப் பதற வேண்டாமா?

ஆகவே சகோதரிகளே, ஊருக்கு வரும்போது அந்தக் கிறீம்களை அன்பளிப்பாகக் கொண்டுவராதீர்கள். “கறுப்பெண்டாலும் வடிவு” என்று எந்தப் பிள்ளையையும் சொல்லாதீர்கள். அதில் “எண்டாலும்” என்ற சொல் வேண்டாம்.