பொய்வலியும் மெய்வலியும்



பிள்ளைப்பேற்றைப் பற்றி நமக்கென்ன என்று உங்களுள் சிலர் எண்ணலாம். ஆயினும், அக்காளோ அண்ணியோ நிறைசூலியாய் வீட்டில் இருக்கும்போது, நள்ளிரவில் கடிகாரம் பார்க்கவும் வண்டியை அழைக்கவும் உங்களைத்தானே எழுப்புவார்கள்? ஆகவே, கருவுற்றவர்க்கு வரும் வலிகளுள் எது பொறுத்திருக்கத் தக்கது, எது தகாதது என்பதை நீங்களும் அறிந்திருத்தல் நலம்.

கருப்பை என்பது தசையால் ஆகிய ஒரு பை. சுருங்குவதும் தளர்வதும் தசையின் இயல்பு. கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே கருப்பை அவ்வப்போது சுருங்கத் தொடங்குகிறது. தாய் அதை உணர்வதில்லை. மாதங்கள் ஏற ஏறத்தான், வயிறு திடீரென்று இறுகி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழிந்து தளர்வது அவளுக்குப் புலப்படுகிறது. ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1872-ஆம் ஆண்டில் இச்சுருக்கங்களை விளக்கி எழுதினார். மருத்துவ நூல்கள் இன்றும் அவர் பெயராலேயே இவற்றை வழங்குகின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் பொய்வலி என்பார்கள். சூட்டு வலி என்பாரும் உண்டு.

பொய்வலிக்கும் மெய்வலிக்கும் உள்ள வேறுபாடு யாது? பொய்வலிக்கு ஒழுங்கு இல்லை. பத்து நிமிடத்தில் ஒன்று வரும். அடுத்தது அரை மணி கழித்து வரும். பிறகு வராமலே போகும். பெரும்பாலும் வயிற்றின் முன்புறத்தில் மட்டும் இறுக்கம் தெரியும். தண்ணீர் போதிய அளவு பருகாமை, சிறுநீரை அடக்கி வைத்தல், மிகுந்த அலைச்சல் ஆகியவற்றால் அது அடிக்கடி வருவதுண்டு. தண்ணீர் பருகி, சிறுநீர் கழித்து, இடப்புறமாகச் சாய்ந்து படுத்தால் அடங்கிவிடும். மெய்வலியோ இவற்றிற்கு அடங்காது. பெரும்பாலும் இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி முன்னே பரவும், வரவர இடைவெளி குறையும், வலிமை கூடும். அவ்வலியினால் கருப்பையின் வாய் விரிகிறது.

இதைக் கண்டறிய உதவும் கருவி கடிகாரமே. ஓர் இறுக்கம் தொடங்கிய நேரத்தையும், அடுத்தது தொடங்கிய நேரத்தையும், ஒவ்வொன்றும் எத்தனை நொடி நீடித்தது என்பதையும் ஒரு தாளில் குறியுங்கள். வயிற்றில் மெல்லக் கைவைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. தளர்ந்திருக்கும் கருப்பை மூக்கின் நுனியைப் போல் மெத்தென்றிருக்கும். ஓரளவு சுருங்கினால் முகவாயைப் போலவும், நன்கு சுருங்கினால் நெற்றியைப் போலவும் இருக்கும். நிறைமாதத்தில், ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இரண்டாம் பேறாயின், அல்லது மருத்துவமனை தொலைவில் இருப்பின், அதற்கும் முன்னரே கிளம்ப வேண்டும். இரண்டாம் குழந்தை பெரும்பாலும் விரைந்து வந்துவிடும்.

இனி நான் சொல்வதை மறவாது மனத்திற் கொள்ளுங்கள். பத்து மாதம் என்று நாம் சொல்வது 40 வாரம், அதாவது 280 நாள். அதில் 37 வாரம் நிறைவதற்கு முன் அடிக்கடி வரும் சுருக்கத்தைப் பொய்வலி என்று வீட்டில் இருப்போர் தீர்ப்புக் கூறுதல் ஆகாது. ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வயிறு இறுகினால், வலியே இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது குறைமாதப் பேற்றின் தொடக்கமாக இருக்கலாம்.

விரைந்து சென்றால் என்ன பயன் என்று கேட்பீர்கள். குறைமாதக் குழந்தையின் பெருங்குறை அதன் நுரையீரல் முதிராமையே. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹௌவி என்னும் இரு மருத்துவர்கள், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது என்பதை 1972-இல் வெளியிட்டனர். ஹிக்ஸ் எழுதிச் சரியாக நூறு ஆண்டு கழித்து வந்த உண்மை இது. ஆனால் அவ்வூசி முழுப் பயன் தர ஏறத்தாழ ஒரு நாளாவது வேண்டும். வீட்டில் காத்திருந்து கழிக்கும் ஒவ்வொரு மணியும் அந்த ஒரு நாளிலிருந்து கழிக்கப்படுவதாகும்.

சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்து, அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்று முடிவு செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. நிறைமாதத்தில் வேறு குறி எதுவும் இல்லாதபோது ஒரு குவளை கஷாயத்தால் கேடு வந்துவிடப் போவதில்லை. குறைமாதத்தில் அந்தச் சோதனைக்காகக் காத்திருத்தல் கூடாது.

சில குறிகள் தோன்றினால் எந்த மாதமாயினும், வலி இருப்பினும் இல்லாவிடினும், கடிகாரம் பார்த்துக் கொண்டிராமல் உடனே புறப்பட வேண்டும். அவை: இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறுதல், அது சிறு கசிவே ஆயினும், குழந்தையின் அசைவு குறைதல், இறுகிய வயிறு தளராமலே வலித்தல், கடுந்தலைவலியும் பார்வை மங்கலும், காய்ச்சல். தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணை அழைத்தால் வண்டி வாயிலுக்கே வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

பொய்வலி என்ற பெயரே ஒரு தீங்கு செய்கிறது. ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று, இன்னும் நேரம் ஆகவில்லை என்று திரும்பி வந்தவளை, பொய்வலிக்கு ஓடினாயே என்று வீட்டார் நகைக்கின்றனர். அந்த நகைப்புக்கு அஞ்சி அடுத்த முறை அவள் வாய் திறப்பதில்லை. அவள் உணர்ந்த இறுக்கம் மெய்யானது. அதன் தன்மையைச் சோதித்துச் சொல்வது மருத்துவரின் கடமை. மும்முறை சென்று வெறுங்கையுடன் திரும்பினாலும் நட்டம் வண்டிச் செலவு மட்டுமே. ஆகவே, நகைப்போர் பக்கம் சேராமல், தாளும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு அவள் அருகே அமருங்கள். படித்த பிள்ளைகளிடம் வீடு எதிர்பார்க்கும் உதவி அதுவே.