முன்னால் போனவர்கள்: மதராஸ் சாப்பர்ஸும் நம் வரலாறும்



இந்த நினைவுப் பேருரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை ‘மதராஸ் பயனியர்கள்’ என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியது. இன்று பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் குரூப் என்று இயங்குகிறது. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பது இவர்கள் வேலை. காலாட்படை நகர வேண்டுமானால் அதற்கு முன்னால் இவர்கள் போயிருக்க வேண்டும்.

இந்தப் படையில் பறையர்களும் கிறித்தவர்களும் பெருமளவில் இருந்தார்கள். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் இங்கே பூட்ஸ் போட்டான். சம்பளமும் பென்சனும் பெற்றான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளி ஆசிரியர் என்பதை நினைத்துப் பாருங்கள். சேரிக்குள் எழுத்து நுழைந்த வழிகளில் பாசறையும் ஒன்று.

1857க்குப் பிறகு ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்ற கோட்பாடு வலுப்பெற்றது. வீரம் பிறப்பில் வருகிறது என்றது அது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் மொழியில் பேசிய வருணக் கணக்கு அது. ராபர்ட்ஸ் பிரபு தென்னிந்தியச் சிப்பாய்களை மட்டம் தட்டினார். 1890களில் மகர்களுக்கு ராணுவத்தின் கதவு அடைக்கப்பட்டது. மதராஸ் காலாட்படைகளும் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920களின் இறுதியில் இல்லாமலே போயின.

சாப்பர்ஸ் மட்டும் நிலைத்தார்கள். துப்பாக்கி ஏந்தத் தகுதியில்லை என்று சொல்லப்பட்ட மண்ணின் மக்கள், துப்பாக்கிக்காரனுக்கு முன்னால் போய் முள்வேலியை அறுக்கத் தகுதியானவர்கள்! அந்த வேலியைத் தகர்க்க 1912இல் இந்தப் படையில்தான் ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற வெடிக்குழாய் உருவானது. உருவாக்கிய அதிகாரி மெக்ளின்டாக்கின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அதை வேலிக்கடியில் தள்ளிக்கொண்டு தவழ்ந்தவனுக்குப் பொதுப்பெயர் ஒன்றுதான்: ‘தம்பி’.

1944இல் இத்தாலியில் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து படுத்து, உடனிருந்தவர்களைக் காத்து இறந்தார். ஜார்ஜ் கிராஸ் கிடைத்ததால் அவர் பெயர் தெரிகிறது. பதக்கம் கிடைக்காதவர்கள்?

இதை வெறும் பெருமையாகவும் பேசிவிட முடியாது. சீனாவிலும் பர்மாவிலும் பிறர் மண்ணைப் பிடிக்க இவர்கள் பாதை போட்டார்கள். பேரரசுக்கு உழைத்ததும் உண்மை. அந்த உழைப்பால் ஊரின் பிடியிலிருந்து ஒரு தலைமுறை விலகியதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் எழுத வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பட்டாளத்தார் வீடு என்று ஒன்று இருக்கும். அங்கே தகரப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமோ, பென்சன் தாளோ, மங்கிய ஒரு படமோ கிடக்கலாம். கரையான் தின்பதற்குள் அதைப் படியெடுங்கள். பாட்டியிடம் கேட்டுப் பெயரை எழுதுங்கள். படைப்பிரிவின் வரலாற்றை அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். தம்பிகளின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய் பீம்.